முகத்திமாவை இஃராபுக்காக மட்டும் ஓதுவதா?

அமெரிக்க நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றோர் அமைப்பு உண்டு. அதில் ஈராண்டு பயிலும் மாணவர், சமூகவியல், மானிடவியல் போன்றவற்றின் தொடக்கப் பாடங்களை முடித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிச் செல்லலாம். அந்த அமைப்பு 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வழியாக நம் பகுதிக்கும் வந்தது. ஆயினும் இங்கு அது பெரும்பாலும் தொழிற்பயிற்சிக் கூடமாகவே உருக்கொண்டது. சமுதாயத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரியில் சமுதாயத்தைப் பற்றிய கல்விக்கு இடமில்லை!

இதனைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டா என்பது வேறு கேள்வி. அரபிக் கல்லூரியும் ஒருவகையில் மாறிச் செல்வோரின் முதற்படியே. இங்கு ஓதி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் அப்சலுல் உலமா தேர்வு எழுதி, முதுகலைக்குச் சென்றவர்கள் பலர். நாமும் அவ்வழி வந்தவரே. அம்முதற்படியில் சமூகவியலின் மூலநூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே அதனை ஓதிக் கொடுக்காமல் விட்டோம் என்பதைக் கூட்டேரிப்பட்டைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் உணர்த்தினார்.

ஆலிம் பட்டத்தோடு அஞ்சல்வழியில் இளங்கலையும் முடித்த அவர், முதுகலையில் சமூகவியலைத் தேர்ந்தார். முதற்பருவ விடுமுறையில் நம்மைக் காண வந்தவர், “ஹஜ்ரத், இப்னு கல்தூனைப் பற்றி எங்கள் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். நாம் இங்கு ஓதிய கிதாபு அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது” என்றார். அவர் நம்மிடம் முகத்திமாவின் சில பக்கங்களை ஓதியவர். அவற்றில் மரஃபூஉ எது, மன்ஸூபு எது என்று நாம் கேட்டதும், அவர் பிழையின்றிச் சொன்னதும் நினைவிருக்கின்றன. உம்ரான் என்றால் என்ன என்று நாம் கேட்டதில்லை.

1377இல் அந்நூலை எழுதிய அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) இதனை எதிர்பார்த்தவர் போலவே ஆறாம் பகுதியில் கல்விமுறையை விமரிசிக்கிறார். ஒரு கலையை முதலில் சுருக்கமாகவும், பின்னர்க் கருத்து வேறுபாடுகளோடு விரித்தும், மூன்றாவதாக முடிச்சு ஒன்றும் மிச்சமின்றியும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முக்தஸர்களை மனனம் செய்விப்பதை அவர் கண்டித்திருப்பது, முக்தஸர்களாலேயே வளர்ந்த நம் போன்றோருக்குச் சற்று உறுத்தும்.

மாணவர் அன்று கொண்டு வந்தது மாட்டிசன் மைன்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளரின் நூல். பல்லாவரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகரிடையே களப்பணி செய்து 1972இல் அவர் வெளியிட்டது அது. ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், காயலர் என்னும் பிரிவுகளிடையே இந்துச் சாதிகளுக்குரிய மேல் கீழ் வரிசை இல்லை என்பது அவருடைய முடிவுகளுள் ஒன்று. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது நம்மவர் விசாரிக்கும் விசாரணையை அறிந்தோர் இதனைத் தயக்கத்தோடுதான் ஏற்பர். அதனினும் முக்கியமானது, 1975இல் அவர் ஒரு கட்டுரையில் முன்வைத்த கருத்து. ஊரை விட்டு நகருக்கு வந்த முஸ்லிம்கள் மார்க்க அடையாளத்தைத் தளர்த்தவில்லை; இறுக்கிக்கொண்டனர் என்கிறார் அவர்.

இங்கேதான் நம் கிதாபு பேச வேண்டியிருக்கிறது. நகர வாழ்வாகிய ஹளாரா சுகத்தைப் பெருக்கி, அஸபிய்யா என்னும் குழுப்பிணைப்பையும் மார்க்கப் பற்றையும் தளர்த்தும் என்றார் இப்னு கல்தூன். பல்லாவரமோ நேர்மாறாக நிற்கிறது. அவர் பிழைபட்டாரா? நாம் அவ்வாறு கருதவில்லை. அஸபிய்யா இரத்த உறவால் மட்டுமன்றி வலாஉ, ஹில்ஃபு ஆகிய சார்பாலும் உடன்படிக்கையாலும் உண்டாகும் என்று அவரே கூறுகிறார். ஊரில் ஒருவரை இன்னார் மகன் என்று எல்லோரும் அறிவர். அந்நியர் நடுவில் அந்த அறிமுகம் இல்லாதபோது, பள்ளிவாசல் வரிசையே புதிய உறவாகிறது. மைன்ஸ் கண்டது அஸபிய்யாவின் அழிவையன்று, அதன் இடமாற்றத்தை. அவர் பார்வை கடைத்தெருவில் நிலைகொண்டது. முகத்திமாவை மூலத்தில் ஓதியவர் இருவரையும் எதிரெதிரே அமர்த்திக் கேட்க இயலும். அரபிக் கல்லூரி மாணவருக்கு வாய்த்த இந்த வசதி பல்கலைக்கழகத்து மாணவர் பலருக்கு இல்லை.

நம் மாணவர் அதனைத் தம் ஊரிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறார். திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து மயிலம் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டு, பதாவாவும் அன்று, ஹளாராவும் அன்று. வாகனங்கள் நிற்பதால் கடைகளும் கடைகளால் குடும்பங்களும் வந்து சேர்ந்த இடம் அது. “இதை எந்தப் பகுதியில் சேர்ப்பது ஹஜ்ரத்?” என்றார். நான்காம் பகுதியைப் புரட்டினோம், விடை அகப்படவில்லை.

கூட்டேரிப்பட்டிலிருந்து சில கல் தொலைவிலுள்ள மயிலத்தில் 1938இல் தமிழ்ப் புலமைக்கெனத் தோன்றிய கல்லூரி, இன்று தன் பெயரிலேயே கலை, அறிவியலையும் சேர்த்துக்கொண்டுள்ளது. நாம் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. பொருளீட்டலையும் தொழில்களையும் பேசும் முகத்திமாவின் ஐந்தாம் பகுதியை, பொருளுக்காகவே ஓதுவதென்று இவ்வாண்டு தொடங்கியிருக்கிறோம். வணிகரின் குணம் முரூஅத்திலிருந்து விலகியது என்று அல்லாமா எழுதியுள்ள இடம் வந்ததும், வகுப்பில் பாதிப் பேர் வணிகர் மக்களாதலின், பெரும் விவாதம் எழும் என்று எதிர்பார்த்தோம். எழுந்தது ஒரே கேள்வி. அதுவும் இஃராபைப் பற்றியது.