7,882 வேலைகள்

ஹென்றி ஃபோர்டு 1922இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒரு கணக்கு வருகிறது. அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை வாசித்தேன். தன் தொழிற்சாலையில் மொத்தம் 7,882 வகை வேலைகள் இருப்பதாகச் சொல்கிறார். அதில் 949 வேலைக்குத்தான் நல்ல திடமான ஆள் வேண்டும். 3,338 வேலைக்குச் சாதாரண உடல்பலம் போதும். மற்றதற்கு அதுவும் தேவையில்லை. அதோடு நிறுத்தவில்லை மனிதர். 670 வேலைகளை இரண்டு கால்களும் இல்லாதவர் செய்யலாம். 2,637 வேலைகளை ஒற்றைக்கால் உள்ளவர் செய்யலாம். 715 வேலைக்கு ஒரு கை போதும். 10 வேலைகளைப் பார்வையற்றவர் செய்யலாம். இரண்டு கைகளும் இல்லாதவருக்கும் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

நண்பர் ஒருவருக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “இவன் மனுசனா, கால்குலேட்டரா?” என்று பதில் வந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மனித உடலைக் கழித்துக் கழித்துப் பார்த்து, மிச்சம் எவ்வளவு இருந்தால் கார் செய்ய முடியும் என்று கேட்கிற கணக்கு இது. ஆனால் அதே ஃபோர்டு கையில்லாதவர்களையும் பார்வையற்றவர்களையும் உண்மையிலேயே வேலைக்கு எடுத்தார், முழுச் சம்பளமும் கொடுத்தார். அதனால் சட்டென்று திட்டிவிட்டு நகர முடியவில்லை. அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. ஒரு தொழிற்சாலைக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் இந்த முதலாளி இத்தனை நெருக்கமாகப் பார்த்திருக்கிறார். தொழிலாளியின் பிள்ளையான நான் பார்த்ததில்லை.

இதற்குப் பின்னால் என் தோல்வி ஒன்று இருக்கிறது. அப்பா தோட்டத்தில் பிறந்து, இருபது வயதில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கார் பாக்டரிக்கு வேலைக்குப் போனவர். அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். விடியற்காலை கம்பெனி பஸ், எண்ணெய் நாறும் சட்டை, ஓட்டி இல்லாத மாதத்தில் அம்மாவின் முகம், எல்லாம் அதில் இருந்தன. வாசகர் வட்டத்தில் வாசித்தபோது ஒரு அக்கா கேட்டார்: “எல்லாம் சரி தம்பி. உங்கப்பா உள்ள போயி என்ன வேலை பாத்தாரு?” பாக்டரிக்குள் நடப்பதைப் பற்றி என் கதையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதுவும் இயந்திரங்களின் இரைச்சல் பற்றி. எனக்குப் பதில் தெரியவில்லை.

கேட்டவர் எங்கள் எல்லாரையும் பார்த்துத்தான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். நம் தோட்டக் கதைகளில் உளி பிடிக்கும் கை தெரியும். நிரை, மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு என்று ஒரு முழு அகராதியே இருக்கும். எழுதியவர்கள் அதற்குள் வாழ்ந்தவர்கள். குடும்பம் பாக்டரிக்கு நகர்ந்ததும் கதையில் கை காணாமல் போய்விடுகிறது. சம்பளம் வருகிறது, கடன் வருகிறது, குடி வருகிறது, வேலை மட்டும் வருவதில்லை. அதனால்தான் கார் பாக்டரிகளுக்கெல்லாம் மூத்த பாக்டரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் போனேன். கிடைத்தவற்றில் இரண்டு புத்தகங்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். ஒன்று முதலாளி எழுதியது. இன்னொன்று தொழிலாளியின் பக்கம் நின்ற நாவலாசிரியர் எழுதியது.

டெட்ராய்ட் நகரம் சுற்றிவர நடுவில் தீவுபோல் இருக்கும் சிறு ஊர் ஹைலண்ட் பார்க். ஆல்பர்ட் கான் வடிவமைத்த ஃபோர்டு தொழிற்சாலை 1910இல் அங்கே திறக்கப்பட்டது. சுவரெல்லாம் கண்ணாடி ஜன்னல். அதனால் பளிங்கு மாளிகை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ‘மாடல் டி’ கார் வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 850 டாலரில் தொடங்கிய அந்தக் காரின் விலை 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த இறக்கத்துக்கான வித்தை 1913இல் இந்தக் கட்டடத்துக்குள் உருவானது. ஆள் வேலையைத் தேடி நடக்கக்கூடாது, வேலைதான் ஆளைத் தேடி வரவேண்டும். சிகாகோ இறைச்சிக் கூடங்களில் மாட்டைத் தொங்கவிட்டு நகர்த்திக்கொண்டே வெட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஃபோர்டே தன் புத்தகத்தில் ஒத்துக்கொள்கிறார். அங்கே முழு மாடு துண்டாகிறது, இங்கே துண்டுகள் முழுக் காராகின்றன.

‘என் வாழ்வும் பணியும்’ என்று பொருள்படும் தலைப்புடைய அந்தப் புத்தகத்தை சாமுவேல் கிரௌதர் என்ற பத்திரிகையாளரின் துணையோடு எழுதியிருக்கிறார். நான் முதலாளி உபதேசங்களை எதிர்பார்த்துப் போனேன். அவையும் நிறையவே இருக்கின்றன, தாண்டிப் போகலாம். ஆனால் வேலையைப் பற்றிப் பேசும் பக்கங்களில் நடை மாறிவிடுகிறது. எஞ்சினுக்கான மின்பொறி, மேக்னீட்டோ என்பார்கள், அதை ஒரு ஆள் முழுதாகச் செய்ய 20 நிமிடம் ஆனது. 29 கூறாகப் பிரித்து ஓடும் வரிசையில் வைத்ததும் 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது. அடுத்த வருடம் வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் கூட்டினார்கள். 7 நிமிடம்! பிறகு வேகத்தைச் சரிசெய்து 5 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். உயரமான ஆட்களுக்கு ஒரு வரிசை, குள்ளமானவர்களுக்கு இரண்டேகால் அங்குலம் தாழ்வாக இன்னொரு வரிசை. பிஸ்டன் பொருத்துகிற இடத்தில் ஒரு ஃபோர்மேன் உட்கார்ந்து கணக்கெடுத்தபோது, ஒன்பது மணி நேர வேலையில் நான்கு மணி நேரம் ஆட்கள் சும்மா நடந்துகொண்டே இருந்தது தெரியவந்ததாம்.

அந்த எட்டு அங்குலத்தை யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் அத்தனை பேரும் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். எத்தனை இடுப்பு, எத்தனை முதுகு. புத்தகம் அந்த வலியைச் சொல்லவில்லை, மிச்சமான நிமிடத்தைத்தான் சொல்கிறது. ஆனாலும் எட்டு அங்குலம் என்று எழுதி வைத்திருப்பதால் எனக்கு அந்த முதுகு தெரிகிறது. நடந்துபோன அந்த நான்கு மணி நேரமும் அப்படித்தான். ஃபோர்டுக்கு அது வீண். எனக்கு அந்த நேரத்தில்தான் ஒருவன் பக்கத்து ஆளிடம் பேசியிருப்பான், ஜன்னல் பக்கம் பார்த்திருப்பான். அந்த நான்கு மணி நேரத்தைப் பிடுங்கியதற்குத்தான் நவீன உற்பத்தி என்று பெயர்.

ஆட்கள் அதைத் தாங்கவில்லை. 14,000 பேரை நிலையாக வைத்திருக்க வருடத்துக்கு 53,000 பேரை வேலைக்கு எடுக்கவேண்டியிருந்தது. இதுவும் ஃபோர்டு கொடுக்கும் கணக்குதான். 1914 ஜனவரியில் அவர் அறிவித்த எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் என்பதைக் கருணை என்றும் புரட்சி என்றும் இன்றும் எழுதுகிறார்கள். அடுத்த வருடம் 6,508 பேரை மட்டும் எடுத்தால் போதும் என்றாகிவிட்டது. கணக்கை அருகருகே வைத்துப் பார்த்தாலே விஷயம் விளங்கும். ஓடுகிற ஆளை நிறுத்திவைக்கக் கொடுத்த காசு அது.

அந்த ஐந்து டாலரும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கம்பெனி ‘சமூகவியல் துறை’ ஒன்று வைத்திருந்தது. அதன் ஆட்கள் வீடு வீடாகப் போய், குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறானா என்று பார்த்துக் குறிப்பெழுதுவார்கள். லயத்துக்குள் கிராணி எட்டிப்பார்க்கும் காட்சியை வாசித்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. குடியேறிகளுக்குக் கம்பெனியே ஆங்கிலப் பள்ளி நடத்தியது. அதன் பட்டமளிப்பு விழாவில் மேடையில் ஒரு பிரம்மாண்டமான அண்டா. ஊர் உடையோடு அதற்குள் இறங்கியவர்கள் கோட்டும் சூட்டும் அமெரிக்கக் கொடியுமாக வெளியே வருவார்கள். எந்த நாவலாசிரியரும் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று நானே குறை சொல்லியிருப்பேன்.

ஹைலண்ட் பார்க் திறந்த அதே 1910இல்தான் உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. கார் வந்ததால் டயர், டயர் வந்ததால் பால்மரம். கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டிவந்ததும் அந்த மரத்துக்காகத்தான். அந்த வகையில் என் பாட்டனும் அந்த வரிசையின் கடைசி முனையில் நின்றவர்தான். ஃபோர்டின் 7,882 வேலைகளில் மரம் சீவுவது சேராது.

இரண்டாவது புத்தகம் அப்டன் சின்க்ளேரின் ‘ஃபிளிவர் கிங்’, 1937இல் வந்தது. ஃபிளிவர் என்றால் மலிவு ஓட்டைக் கார், மாடல் டிக்கு மக்கள் செல்லமாக வைத்த பெயர். ஃபோர்டு செங்கல் கொட்டகையில் முதல் வண்டியைச் செய்துகொண்டிருந்தபோது வேடிக்கை பார்த்த சிறுவன் ஆப்னர் ஷட். பிறகு அவருடைய தொழிற்சாலையிலேயே சேர்ந்து, வாழ்நாள் முழுக்க அவரைக் கடவுளாக நம்புகிறான். ஃபோர்டின் பத்திரிகை யூதர்கள்மேல் கக்கும் வெறுப்பையும் அப்படியே விழுங்குகிறான். அவன் பிள்ளைகளில் ஒருவன் கம்பெனிக்கு உளவு பார்க்கிறான், இன்னொருவன் சங்கம் அமைக்கப் போய் அடிபடுகிறான். வாகனத் தொழிலாளர் சங்கமே இந்த நாவலைத் தொழிலாளர்களிடம் கொண்டுபோனது. நான்கு வருடம் கழித்து, 1941இல், ஃபோர்டு அந்தச் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிவந்தது. ஒரு நாவலுக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும் என்று கேட்கலாம்.

நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். சின்க்ளேர் நியாயத்தின் பக்கம் நிற்கிறார், ஆனால் ஆப்னரின் பக்கத்தில் நிற்கவில்லை. மேலே நின்று பார்க்கிறார். ஆப்னர் ஏமாளி என்பது பத்தாவது பக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவனுக்குக் கடைசிவரை தெரிவதில்லை. அவன் சக்கரம் பொருத்துகிறான் என்று சொல்லப்படுகிறது. பொருத்தும்போது அவன் தோள் எந்தப் பக்கம் சாயும்? முடுக்கியது சரியாக இறங்கிவிட்டது என்று அவன் எதை வைத்து அறிகிறான்? பாடம் நடத்தும் அவசரத்தில் கை நழுவிவிடுகிறது. இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு நான் வந்து சேர்ந்த இடம் எனக்கே பிடிக்கவில்லை: தொழிலாளியைப் பற்றி எழுத நினைப்பவனுக்கு நண்பனின் நாவலைவிட முதலாளியின் புத்தகத்தில்தான் அதிகம் கிடைக்கிறது. உயரம், விநாடி, அடி, அங்குலம்.

பிரெஞ்சு எழுத்தாளர் செலின் ஒரு டாக்டர். 1925இல் ஃபோர்டு தொழிற்சாலையை நேரில் பார்த்தவர். அவருடைய 1932ஆம் ஆண்டு நாவலில் டெட்ராய்ட் சில பக்கங்கள்தான் வருகிறது. ஆனால் இயந்திரத்தின் அதிர்வு எலும்புவரை இறங்குவதை அந்தப் பக்கங்களில்தான் உணர்ந்தேன். அவருடைய பிற்கால அரசியலை நினைத்தால் குமட்டும், அது வேறு கதை. சின்க்ளேர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எழுதியதில் ஏன் உடம்பு இல்லை என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வி என் கதைக்கும் பொருந்தும்.

போன மாதம் அப்பாவிடம் அந்த எட்டு அங்குலத்தைச் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். “எங்களுக்கெல்லாம் யாரு உயரம் பாத்து வச்சா? நான் கதவு மாட்டுற எடத்துல. குள்ளமா இருக்கறவன் கீழ பலகை போட்டுக்குவான், நெட்டையா இருக்கறவன் காலை அகட்டி நிப்பான்.” எழுந்து நின்று காட்டினார். இடது முழங்கையால் கதவைத் தாங்கிக்கொண்டு வலது கையால் கீலைத் தேடவேண்டுமாம், கண் அங்கே போகாதாம். ஓட்டை சரியாக உட்கார்ந்தால் கதவின் எடை முழங்கையிலிருந்து சட்டென்று இறங்கும், அதுதான் அடையாளமாம். நான் பேனாவைத் தேடி எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

“எதுக்குடா இதெல்லாம்?” என்றவர், எட்டிப்பார்த்துவிட்டு, “எடது கைன்னு போடு. வலதுன்னு எழுதியிருக்க” என்றார்.