ஒரே போர்டு, ஏழு வருஷம்

2018 தீபாவளி போனஸில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மதர்போர்டு இது. பி450 சிப்செட். அந்தக் கடையில் இருந்ததிலேயே கிட்டத்தட்ட மலிவானது. "இன்னும் ஆயிரத்தைந்நூறு போட்டா நல்லதா எடுத்துக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். நான் போடவில்லை. ஏழு வருஷம் கழித்து இந்தக் கட்டுரையையும் அதே போர்டில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிராசஸர் மட்டும் நடுவில் மாறிவிட்டது. அன்று ரைசன் 5 2600, இன்று ரைசன் 5 5600.

எனக்கு ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் மேல் ஏறக்குறைய பக்தி. முதல் ரைசன் 2017 மார்ச்சில் வந்தது. கேம் ஆடுபவர்கள் கொண்டாடிய 5800எக்ஸ்3டி 2022 ஏப்ரலில் வந்தது. ஐந்து வருஷ இடைவெளி, இரண்டும் உட்காருவது அதே 1331 துளைகளில். எதிர்முகாமான இன்டெலில் 2017-ல் 300 வரிசை போர்டுகள் வந்தபோது சாக்கெட்டில் ஊசி எண்ணிக்கை அதே 1151-தான், ஆனால் பழைய பிராசஸர் வேலை செய்யாது! ஏ.எம்.டி.யும் ஒருமுறை தடுமாறியது. 2020 மே மாதம், அடுத்து வரும் சிப்புகள் பி450-ல் ஓடாது என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் போட்ட கூச்சலில் இரண்டு வாரத்துக்குள் வாபஸ். அந்தக் கூச்சலில் என் பங்கும் உண்டு என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன், யாரும் நம்புவதில்லை.

பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். 2018-ல் எழுதிய பயாஸுக்கு 2022-ல் பிறந்த சிப் யாரென்றே தெரியாது. பொருத்திவிட்டு ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை இருண்டே கிடக்கும். பென் டிரைவில் ஃபைலை ஏற்றினேன், யு.பி.எஸ். பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன், முடியும்வரை யாரும் மிக்ஸி போடக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். மூன்றே நிமிஷ வேலை. தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

அடுத்து ஹீட்சிங்க். நாலு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு மேலே தூக்கினேன். அசையவில்லை. நாலு வருஷத்தில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கோந்தாகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். 'டப்' என்றது. ஹீட்சிங்க் கையோடு வந்துவிட்டது, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும்! சாக்கெட்டின் லீவரோ பூட்டியபடியே இருக்கிறது. ஏ.எம்.4-ல் ஊசிகள் எல்லாம் பிராசஸரின் அடிவயிற்றில் இருக்கும். மேலே அழுத்திப் பிடிக்கும் தகடு கிடையாது. அதனால்தான் இப்படிப் பிடுங்கிக்கொண்டு வருகிறது.

டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்து வரிசையில் மூன்று ஊசிகள் சாய்ந்திருந்தன. அந்த 2600-ஐ மச்சான் மகனுக்குத் தருவதாக வாக்கு வேறு கொடுத்திருந்தேன். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து மைக்ரோடிப் பென்சிலை எடுத்து, லெட்டை உருவிவிட்டு, அந்த மூக்குக் குழாயை ஊசி மேல் மாட்டி, மூச்சை அடக்கி நிமிர்த்தினேன். ஒரே தள்ளலில் நேராக்கப் பார்க்கக் கூடாது, ஊசி முறிந்துவிடும். கொஞ்சம் நிமிர்த்து, பார், மறுபடி கொஞ்சம். கடைசியில் பழைய ஏ.டி.எம். கார்டை வரிசைகளுக்கு நடுவே விட்டு ஓட்டிச் சரிபார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அந்தச் சிப் இன்றும் மச்சான் வீட்டில் ஓடுகிறது.

5600 உட்கார்ந்த பிறகுதான் உண்மையான குதூகலம். ஓவர்கிளாக்கிங் என்றதும் பழைய ஆட்களுக்கு 1998-ன் செலரான் 300ஏ ஞாபகம் வரும். பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடும். எங்கள் ஆபீஸ் சீனியர் ஒருவர் அந்தச் சிப்பை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார், மனைவியின் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில். இன்றைய சிப் அப்படியில்லை. சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும், இல்லையென்றால் இறங்கிவிடும். ஆகவே வோல்டேஜைக் குறைப்பதுதான் இப்போதைய வித்தை. எந்தச் சிப்பும் தடுமாறக் கூடாதென்று கம்பெனியில் கொஞ்சம் தாராளமாகவே வைத்து அனுப்புகிறார்கள். பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற இடத்துக்குப் போனால் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக மைனஸ் 30 வரை குறைக்கலாம்.

பேராசையில் ஆறு கோருக்கும் மைனஸ் 30 வைத்தேன். சினிபெஞ்ச் ஓடியது. பிரைம்95 ராத்திரி முழுக்க ஓடியது. மறுநாள் காலை காபியோடு செய்தி படித்துக்கொண்டிருந்தேன், மெஷின் சட்டென்று ரீஸ்டார்ட்! பாரம் சுமக்கும்போது நிற்கிறது, சும்மா இருக்கும்போது விழுகிறது. காரணம் பிறகு புரிந்தது. எல்லாக் கோரும் உழைக்கும்போது வேகம் கட்டுக்குள் இருக்கும். சும்மா இருக்கும் வேளையில் ஒரே ஒரு கோர் உச்சத்துக்குத் தாவும். அந்தத் தாவலுக்கு வோல்டேஜ் போதவில்லை. கோர் கோராக சோதித்து, நல்ல கோர்கள் இரண்டுக்கும் மைனஸ் 12, மற்றவற்றுக்கு மைனஸ் 25 என்று நிறுத்தினேன். நல்ல கோருக்குத்தான் குறைவாகக் கழிக்க வேண்டும், உச்சத்துக்கு ஓடுவது அதுதானே. மே மாத வெயிலில், ஏ.சி. இல்லாத என் அறையில், 84 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது 77-ல் நின்றது. வேகம் துளி ஏறியிருந்தது. பெட்டியோடு வந்த ஃபேன்தான், கூடுதலாகப் பத்துப் பைசா செலவில்லை!

ஏதாவது தப்பாகி பயாஸே வராமல் போனாலும் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் காசு மாதிரி இருக்கும் வட்ட பேட்டரியைச் சில நிமிஷம் எடுத்து வைத்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். 3200 என்று அட்டையில் போட்டிருந்த ராமை வாங்கி, அது இரண்டு வருஷமாக 2400-ல் ஓடுவது தெரியாமலே இருந்தேன். பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற ஒரு வரியை ஆன் செய்தால்தான் முழு வேகம் வரும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போனால் உங்களுடையது எவ்வளவில் ஓடுகிறது என்று தெரியும். இப்போதே பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

எதிர்வீட்டுப் பையன் போன மாதம் புது மெஷின் கட்டி, "அங்கிள், டிஸ்ப்ளே வரலை" என்று ஓடிவந்தான். முகத்தில் ரத்தமில்லை. போய்ப் பார்த்தால் மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, மதர்போர்டில் செருகியிருக்கிறது. 5600-க்குச் சொந்தமாக கிராபிக்ஸ் கிடையாது, அந்த வழியில் படம் வரவே வராது. மாற்றிச் செருகினேன். பத்து விநாடி வேலைக்கு அவன் அம்மா கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தார்.

அவன் இப்போது கூலர் மாற்றப் போகிறானாம். அவனுக்குச் சொன்னதே உங்களுக்கும்: முதலில் கால் மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவைக் கழற்றி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பேஸ்ட் விட்டுக்கொடுக்கும். இழுக்க மட்டும் இழுக்காதீர்கள்.