காம்போதியைச் சாரமதிக்கு இழுத்தவர்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியதும், 'இப்பத்தான் ராஜா உலகத்தரம்'னு சிலர் பேசினார்கள். புதுமடத்து டீக்கடைப் பாட்டில் அவரைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு கசக்கிறது. அப்படின்னா 1976இல் வந்த 'அன்னக்கிளி' என்ன தரம்? நாட்டுப்பாட்டு கச்சாப்பொருள், கீர்த்தனையும் சிம்பொனியும்தான் கலை என்கிற சாதிப் படிநிலையே இப்படிப் பேச வைக்கிறது.

'சிந்து பைரவி'யை (1985) எடுத்துக்கொள்வோம். நாட்டுப்புற மெட்டு ஒன்று தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய்ச் சேர்கிறது. 'பாத்தீங்களா, மெட்டுக்கு அங்கேதான் மோட்சம்' என்பார்கள். ஆனால் காம்போதியில் பாடிவந்த அந்தக் கீர்த்தனையைச் சாரமதிக்கு இழுத்து வந்திருக்கிறார் ராஜா. இடம் மாறியது கீர்த்தனைதான்! மறு வருஷமே 'ஹவ் டு நேம் இட்'டைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் ஒன்றாகவே சமர்ப்பித்தார். பண்ணைப்புரத்து தலித் குடும்பத்தில் பிறந்தவர் யாரிடமும் அனுமதி கேட்டு வாசலில் நிற்கவில்லை.

2005இன் 'திருவாசகம்' எனக்கு நெருடுகிறது. நந்தனைத் தீயில் இறக்கிய சைவத்தின் முன் அது கேள்வியே இல்லாமல் உருகுகிறது. வாத்தியங்கள் பெருத்தன, கலகம் சிறுத்தது.

சாதி அடையாளத்தைச் சுமக்க அவர் விரும்பவில்லை என்றால் அது அவர் உரிமை. 'தாரை தப்பட்டை'யின் பின்னணி இசைக்குத் தேசிய விருது தந்தார்கள். சரி, தப்பு அடிக்கிறவருக்குச் சபா மேடை கிடைச்சிருச்சா? இசை படிக்கிற நம் பிள்ளைகள் இந்த மெட்டுகளைப் பிரித்துப் பார்த்து எழுத வேண்டும். சபாக்காரர்கள் எழுதித் தரமாட்டார்கள்.