நகைக்கு உரியவள் யார்? – மனோரமாவின் நடிப்பும் தோட்டத்துப் பெண்களும்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்றும் வகுத்தார். எள்ளலுக்கு உரை கூறவந்த பேராசிரியர், பிறரைத் தான் எள்ளி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் என அதனை இருவகைப்படுத்துவார். இவற்றுள் முதல் வகைக்கு விளக்கம் வேண்டியதில்லை; உலகம் முழுதும் அதனை அறியும். இரண்டாவது வகைதான் சிந்தனைக்குரியது. எள்ளப்பட்டவர் ஏன் நகுகிறார்? அச்சத்தாலா? இயலாமையாலா? இவ்வினாவை எனக்குள் எழுப்பியது எந்த ஏடும் அன்று. தோட்டத்துத் திடலில் கட்டிய வெள்ளைத் துணியில் தோன்றிய நடிகை மனோரமாவும், அத்துணியின் எதிரே பாய் விரித்து அமர்ந்திருந்த பெண்களுமே ஆவர்.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடைப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். படம் காட்டும் இரவுகளில் லயங்கள் வெறிச்சோடிவிடும். பின்னர் மன்றத்துக் கூடத்திற்குக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வந்தது. தமிழ்ப்படம் ஒளிபரப்பாகும் நாளில், விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டியவர்கள்கூட உறக்கத்தை மறந்து அதன்முன் அமர்ந்திருப்பர். கதாநாயகி தோன்றினால் கூடத்தில் அமைதி நிலவும். மனோரமா தோன்றினாலோ, அவர் வாய் திறக்குமுன்பே சிரிப்பு எழும். வீட்டு வேலைக்காரியாக, பட்டிக்காட்டுப் பெண்ணாக, வாயாடியாக அவர் வருவார். அவரை வைத்து உரையாடலாசிரியர்கள் கேலி செய்வார்கள். வெளிக்காட்டு வேலையும் பால்வெட்டும் செய்து கறுத்துப்போன எங்கள் பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள்.

பட்டணத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது பொறுக்கவில்லை. உங்களைப் போன்றவர்களைத்தானே அங்கே கேலி செய்கிறார்கள், இதற்கு நீங்களே சிரிக்கலாமா என்று ஒருநாள் என் தாயைக் கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அவ ஊட்டு வேல செஞ்ச பொம்பளடா. சேலைய இழுத்துச் சொருகுற கையப் பாரு, அது நடிப்பா?” என்றார்.

அம்மொழியின் உண்மை எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புலனாயிற்று. 1937இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா என்னும் சிறுமி, தந்தை கைவிட்ட நிலையில் தாயோடு காரைக்குடி அருகிலுள்ள பள்ளத்தூருக்கு வந்தவள். தாய் நோயுற்றபோது, பதினோரு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டு வேலைக்குப் போனவள். ஊருக்கு வந்த நாடகக் குழுவில் ஒரு சிறு வேடத்திற்கு ஆள் குறையவே மேடையேறி, மனோரமா என்னும் பெயர் பெற்றவள். என் தாய் இவற்றுள் எதனையும் படித்தறிந்தவர் அல்லர். கையை மட்டுமே கண்டவர்.

கண்ணதாசன் தந்த வாய்ப்பினால் 1958இல் ‘மாலையிட்ட மங்கை’ வழியாகத் திரைக்கு வந்த மனோரமா, 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். எனினும் தமிழ்த்திரை அவருக்கு அளித்த இடம் நகைச்சுவை நடிகரின் துணைவி என்னும் இடமே. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் எனத் துணைகள் மாறினர், அவர் நிலைத்தார். ஆயிரம் படங்களைக் கடந்தவர் என்று கின்னஸ் ஏடு பதிந்ததைப் பலரும் பெருமையாகச் சொல்வர். எண்ணிக்கை கணக்கப்பிள்ளைக்கு உரியது; நாம் வேடங்களைப் பார்ப்போம்.

1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் வரும் ஜில் ஜில் ரமாமணியை எடுத்துக்கொள்வோம். கொத்தமங்கலம் சுப்புவின் கதையில் பிறந்த இப்பாத்திரம் ஒரு நாடகக்காரி. இழுத்து இழுத்துப் பேசும் பேச்சும் மினுக்கும் உடையுமாக எள்ளலுக்கென்றே வார்க்கப்பட்டவள். மோகனாவும் மேடைப்பெண், இவளும் மேடைப்பெண். ஆயினும் ஒருத்தியின் கலையை உலகம் வணங்குகிறது. மற்றவளின் கலையைப் பார்த்துச் சிரிக்கிறது. இந்த ரமாமணி நாதசுர வித்துவானிடம், இந்த ஒலி உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்கிறாள். கொட்டகை சிரிக்கிறது. இது தொல்காப்பியர் சொன்ன பேதைமை. ஆனால் மனோரமா அவ்வினாவைக் கேட்கும் முகத்தைக் கூர்ந்து நோக்கினால், கேலிக்கு அங்கே இடமில்லை என்பது விளங்கும். அறியாதவள் அறிய விரும்பும் ஆவல் அது. கருவியிலா கலை, கலைஞனிடத்திலா என்று புலவர் நெடுநாளாய் வழக்காடும் பொருளையே அவள் தன் மொழியில் கேட்டுவிடுகிறாள். எழுதியவர் எள்ளலாக வைத்ததை நடித்தவர் பேதைமையாக மாற்றினார். மாற்றவே, சிரித்த நமக்கு அவள்மீது அன்பு பிறக்கிறது. மனோரமாவின் கலைத்திறன் முழுவதும் இந்த மாற்றத்தில் அடங்கியுள்ளது என்பது என் கருத்து.

அதே ஆண்டில் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சோவுக்கு இணையாகச் சென்னைச் சேரித் தமிழில் அவர் தம் குரலிலேயே பாடினார். செட்டிநாட்டுப் பேச்சும், கொங்குப் பேச்சும், அக்கிரகாரப் பேச்சும் அவருக்கு ஒருபோலவே கைவந்தன. வட்டாரப் பேச்சைக் கொச்சை என ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் வளர்ந்த நாங்கள், எங்கள் லயத்துப் பேச்சு இழுக்கன்று என்பதை முதலில் அவரிடமிருந்தே அறிந்தோம்.

1986இல் வெளிவந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ எங்கள் தோட்டத்திற்கு வீடியோ நாடாவாக வந்தது. வேலைக்காரி கண்ணம்மா, அக்குடும்பத்து மகளின் திருமணப் பேச்சில் இடைபுகுந்து மாப்பிள்ளையின் தந்தையோடு வழக்காடும் காட்சியை என் தாய் நாடாவைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தார். படித்தவர்கள் வாயடைத்து நிற்கும் இடத்தில் வேலைக்காரி பேசுகிறாள். ஆனால் சிக்கல் தீர்ந்ததும் கதை அவளை மீண்டும் வேலைக்கே அனுப்பிவிடுகிறது. அவளுக்கென்று ஒரு துன்பமோ ஆசையோ இருப்பதாகக் கதாசிரியர் எண்ணிப்பார்க்கவில்லை. இக்குறை அப்படத்தோடு நிற்பதன்று.

மனோரமாவும் எல்லாவிடத்தும் வென்றார் என்று நான் சொல்லமாட்டேன். 1992இல் வந்த ‘சின்னக்கவுண்டர்’ படத்தில் முன்தள்ளிய பொய்ப்பல் ஒன்றை அணிவித்து அவரை நகைப்பொருளாக்கினர். உருவக்கேட்டை வைத்து எழும் அந்நகை வெறும் எள்ளல். அதனை உயர்த்த அவராலும் இயலவில்லை. 1990களில் பெருகிய தாய் வேடங்கள் பலவற்றில் அவருடைய அழுகை அளவு கடந்தது. ‘புதிய பாதை’ அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது உண்மை. ஆயினும் அவர் அழவைத்த படங்களைக் காட்டிலும் சிரிக்கவைத்த படங்களிலேயே பெண்ணின் துயரத்தை அதிகம் காண்கிறேன். இதனை மறுப்போரும் இருப்பர்.

2015 அக்டோபர் 10 அன்று அவர் மறைந்தார். அதற்குமுன்பே எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களும் இல்லை. அந்நாளில் நான் எழுதிய தோட்டத்துக் கதைகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். கணவனிடம் அடிபடும் பெண், பிள்ளையைப் பறிகொடுக்கும் பெண், வாளியோடு வழுக்கி விழும் பெண் எனப் பலர் அவற்றில் இருக்கிறார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. என் கதைகள் மட்டுமல்ல, நம் நாட்டுத் தோட்டச் சிறுகதைகளில் நான் படித்த பலவும் இவ்வாறே உள்ளன. அவர்களை எள்ளக்கூடாது என்று நாம் கவலைப்பட்டோம். கவலையில் அவர்களுடைய நகையையும் சேர்த்தே விலக்கிவிட்டோம்.

என் தாய் மாலைவேளையில், பால் நிறுக்கும் கிராணியார் கண்ணாடியை இறக்கித் தராசைப் பார்க்கும் பார்வையை நடித்துக் காட்டுவார். ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளும், அவர்களை அழைத்துப்போக வந்த தாய்மார்களும் சுற்றி நின்று சிரிப்பார்கள். கிராணியாரே ஒருமுறை பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டார். என் தாய் திரும்பிப் பார்த்தார், நிறுத்தவில்லை.