மை பூசிய முகங்கள்

கிள்ளைக்கு அருகே நாம் பணிபுரியும் பள்ளியில் சென்ற ஆண்டுவிழாவின்போது சிறு நாடகம் ஒன்று நடந்தது. பிச்சாவரத்துச் சதுப்புக் கால்வாயில் நண்டு பிடித்து வாழும் இருளர் பெண்ணொருத்தி அதில் வருகிறாள். அந்த வேடம் ஏற்ற சிறுமியோ நல்ல சிவப்பு. ஆகவே, விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அவள் முகத்திலும் கைகளிலும் தடவினோம். தடவியவர் வேறு யாருமல்லர்; நாமே! அதை வாயிற்படியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுள், நம் வகுப்பிலேயே படிக்கும் இருளர் சிறுமியர் இருவரும் இருந்தனர். அவர்களில் ஒருத்தியை அந்த வேடத்துக்கு அழைக்கலாமே என்ற எண்ணம் நமக்கு எழவே இல்லை. மேடையில் ஏறினால் கருப்பின் பெருமை பேசத் தெரிந்த நமக்குத்தான்!

இந்தக் கரிக்கு ஒரு வரலாறு உண்டு. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் தாமஸ் டார்ட்மவுத் ரைஸ் என்ற வெள்ளை நடிகர், தக்கையை எரித்த கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கந்தல் உடுத்தி, கருப்பின மனிதரைப் பழித்துக் காட்டும் ஆட்டம் ஒன்றை ஆடினார். அந்த வேடத்தின் பெயர் ஜிம் குரோ. மக்கள் கைகொட்டிச் சிரித்தனர். 1843இல் வெர்ஜீனியா மின்ஸ்டிரல்ஸ் என்ற குழு நியூயார்க்கில் இதையே முழுநேர நிகழ்ச்சியாக்கிற்று. அதன்பின் இத்தகைய குழுக்கள் ஊர்தோறும் முளைத்தன. கரி பூசிய அந்த மேடை மனிதன் சோம்பேறி, அறிவிலி, பண்ணையில் ஆண்டைக்கு அடிமையாய் இருப்பதிலேயே மகிழ்பவன். அடிமைச் சந்தையைக் கண்டிராத வடபுலத்து வெள்ளையர் பலர் கருப்பினத்தவரை அறிந்தது இந்தக் கேலியின் வழியாகத்தான். பின்னாளில் கருப்பினத்தவரைப் பள்ளியிலும் வண்டியிலும் உணவு விடுதியிலும் ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு, அந்தக் கோமாளியின் பெயரே நிலைத்தது.

அந்த வரலாற்றில் நம் நெஞ்சை உறுத்துவது பெர்ட் வில்லியம்ஸ் என்ற கலைஞரின் கதை. 1874 முதல் 1922 வரை வாழ்ந்த அவர் பிறப்பால் கருப்பினத்தவர். நகைச்சுவையில் நிகரற்றவர். அவரும் தக்கைக் கரி பூசிக்கொண்டுதான் மேடை ஏறினார்! பிறவியில் வாய்த்த நிறம் அவையோருக்குப் போதவில்லை. அவர்கள் காண விரும்பியது கருப்பு மனிதனை அன்று; கருப்பு மனிதனைப் பற்றித் தாங்கள் செய்து வைத்திருந்த பொம்மையை.

இந்தக் கூத்து கடல் கடந்து இங்கும் வந்தது. டேவ் கார்சன் என்ற மின்ஸ்டிரல் நடிகர் 1860களில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வங்காளிப் பாபு வேடம் கட்டி நம்மவரைப் பகடி செய்து பொருள் ஈட்டினார். இங்கிலாந்தில் பி.பி.சி. தொலைக்காட்சியே 1958 முதல் 1978 வரை கரி பூசிய பாடகர்களைக் காட்டி வந்தது.

முகத்தில் வண்ணம் பூசுவதே பிழை என்று நாம் சொல்லவில்லை. நம் தெருக்கூத்தில் துரியோதனன் சிவப்புப் பூசி வருகிறான். சிவப்பு முகத்து மக்கள் எந்தத் தெருவிலும் இல்லை. ஆகவே அவன் யாரையும் இழிவு செய்வதில்லை. ஊருக்குள் நடமாடும் மனிதரின் தோலையே வேடமாக்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது.

ஏவி.எம். நிறுவனம் 1963இல் வெளியிட்ட 'நானும் ஒரு பெண்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஏ.சி. திருலோகசந்தர் இயக்கியது, வங்க நாடகம் ஒன்றின் தழுவல். நாயகன், 1962இல் தேனித் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்ற நம் இலட்சிய நடிகர் எஸ்.எஸ். இராசேந்திரன். கருநிறப் பெண்ணாக விஜயகுமாரி, முகத்தில் மை பூசி நடித்தார். செல்வர் வீட்டு மருமகளாகும் அப்பெண் வெறுப்புக்கு ஆளாகி, பொறுமையாலும் தொண்டாலும் மாமனாரின் மனத்தை வெல்கிறாள். படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. நோக்கம் நல்லதே, விஜயகுமாரியின் நடிப்பில் உருகாதார் இலர். ஆனால், கருப்பாய்ப் பிறந்ததற்கு அவள் ஏன் அத்தனை தொண்டு செய்து ஈடுகட்ட வேண்டும்? குணம் இருப்பதால் நிறத்தை மன்னிக்கலாம் என்பதன்றோ அந்தக் கதையின் தீர்ப்பு! மறு ஆண்டு இந்தியில் எடுத்தபோது மீனாகுமாரியும் முகத்தைக் கருப்பாக்கிக்கொண்டார்.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. 2007இல் அதே ஏவி.எம். நிறுவனத்தின் 'சிவாஜி', சங்கர் இயக்கத்தில் வந்தது. பண்பாடு மிக்க தமிழ்ப் பெண்ணைத் தேடி அலைகிறான் நாயகன். அவனிடம் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார்கள், முகமெல்லாம் மை பூசப்பட்ட சகோதரியர் இருவர். பார்த்ததும் அவன் அலற வேண்டும், அரங்கம் சிரிக்க வேண்டும், நகைச்சுவை அவ்வளவே. அவர்களுக்குச் சூட்டிய பெயர்கள் அங்கவை, சங்கவை! பறம்பின் கோமான் பாரியின் மகளிர்க்கு மரபு வழங்கும் பெயர்கள். கபிலர் கைப்பிடித்துக் காத்த மகளிரைக் கேலிப்பொருளாக்கிய அந்தக் காட்சியில் தந்தையாக வருபவரும் ஒரு தமிழ்ப் பேராசிரியர்தாம். நாயகன் விரும்பும் தமிழ்ச்செல்வியாக வருபவரோ வடபுலத்து நடிகை. போதாக்குறைக்கு, ஒரு பாட்டில் நாயகனே வெள்ளையாகிறார். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் தோல் நிறத்தைக் கணினியில் எடுத்து அவர் மேனியில் ஒட்டினார்கள். அந்த வித்தைக்கும் தேசிய விருது!

கருநிறப் பெண்ணை வெறுத்தது நம் மரபு என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். சங்கப் புலவர் தலைவியை மாயோள் என்று அழைத்தனர்; மாந்தளிரின் நிறமான மாமையே அவள் அழகு. தலைவன் பிரிந்தால் அந்த மாமை போய் மேனி வெளிறிவிடும். அதற்குப் பசலை என்று பெயரிட்டு நோயாக எண்ணி வருந்தினர். அந்த வெளிறலைத்தான் 1975 முதல் 'ஃபேர் அண்ட் லவ்லி' குழாயில் அடைத்து விற்றார்கள். 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, சொல்லக் கூசுவது. 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை நாம் இருமுறை பார்த்தோம், இருமுறையும் அழுதோம். 1993இல் நம் கடலூர் மாவட்டத்து முதனையைச் சேர்ந்த இராஜாகண்ணு என்ற குறவர் இனத்தவர் காவலில் கொல்லப்பட்ட வழக்கே அதன் கரு. படத்தில் அவர் இருளராகிறார். அவர் மனைவி செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் கேரளத்தவர். இருளர் மக்களிடையே பழகி உழைத்து நடித்தார். அவர் திறமையில் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனாலும் அவர் மேனியிலும் கருநிறம் ஏற்றப்பட்டது. பிறராக மாறுவதுதானே நடிப்பு என்று தோழர்கள் கேட்கக்கூடும். மாறட்டும்! ஆனால் இந்தப் பாதை ஒருவழிப் பாதையாக அல்லவா இருக்கிறது? கருப்பான ஆண்கள் இங்கே நாயகராகிக் கோடி மக்களைக் கவர்ந்தார்கள். கருப்பான பெண்ணுக்கோ இளவரசி வேடமும் இல்லை. கருப்புப் பெண்ணின் வேடம்கூட இல்லை. மின்ஸ்டிரல் மேடையின் பகை நெஞ்சம் 'ஜெய் பீம்' எடுத்தவர்களிடம் இல்லை. அதை ஆயிரம் முறை ஒப்புவோம். பகை இல்லாத இடத்திலும் பழக்கம் தங்கி நிற்கிறதே என்பதுதான் நம் கவலை. நம் பள்ளியில் கரி குழைத்த கைக்கும் பகை இருக்கவில்லை.

இவ்வாண்டு விழாவுக்கு நாடகம் எழுதத் தொடங்கிவிட்டோம். அன்று வாயிற்படியில் நின்ற இருவரில் மூத்தவளை அழைத்து, எந்த வேடம் வேண்டும் என்று கேட்டோம். நண்டு பிடிக்கும் பெண்ணா, ஆசிரியையா, வழக்கறிஞரா என்று நாமே வரிசையாய்ச் சொல்லிப் பார்த்தோம். அவள் எதற்கும் அசையவில்லை. இராணி வேடம் வேண்டுமாம்! நாடகத்தில் இராணியே இல்லை. இனி எழுதிச் சேர்க்க வேண்டும். பட்டுப்பாவாடைக்கு அளவெடுத்துக் கொடுத்தாகிவிட்டது.