வரைந்து முடித்ததும் போய்விடும் ஆய்வாளர்கள்

பண்புசார் ஆய்வு செய்பவர்கள் சிலர் 'வாழ்க்கை மரம்' முறையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஒரு சார்ட் பேப்பர், நாலு ஸ்கெட்ச் பேனா போதும். வேரில் பிறந்த ஊரும் குடும்பமும், தண்டில் கைவந்த திறமைகள், கிளையில் ஆசைகள், இலையில் முக்கியமான மனிதர்கள், பழத்தில் மற்றவர்களிடமிருந்து கிடைத்தவை. வரைந்து முடித்ததும் போட்டோ எடுத்து, பேசியதை எழுத்தாக்கி, கருப்பொருள் பிரித்தால் ஓர் அத்தியாயம் ரெடி. அப்படி வந்த சில ஆய்வுகளைப் படித்தேன். எனக்கு இடிப்பது அந்த 'முடித்ததும்' என்ற சொல்தான்.

இந்த முறை ஆய்வுக்காகப் பிறந்ததில்லைங்க. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எச்ஐவியால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக, ஜிம்பாப்வேயைச் சேர்ந்த உளவியலாளர் ந்காசெலோ ந்கூபேயும், அடிலெய்டில் உள்ள டல்விச் சென்டரின் டேவிட் டென்பரோவும் உருவாக்கியது. இழப்பை நேராகக் கேட்டால் பிள்ளை மறுபடி அதற்குள்ளேயே போய் விழும். அதனால் முதலில் காலூன்றி நிற்க ஓர் இடம், அப்புறம்தான் துயரப் பேச்சு.

மரம் வரைவது நாலு பகுதிகளில் முதல் பகுதிதான். அடுத்து எல்லா மரங்களையும் சுவரில் ஒட்டிக் காடாக்குவார்கள். ஒருவர் மரத்தில் மற்றவர்கள் எழுதுவார்கள். பிறகு 'புயல்' பற்றிய பேச்சு. 'எனக்கு இப்படி நடந்தது' என்று யாரும் சொல்லத் தேவையில்லை, பொதுவாகவே பேசலாம். கடைசியில் சான்றிதழ், பாட்டு, கொண்டாட்டம்.

நான் படித்தவற்றில் வெட்டுப்பட்டது இந்தக் கடைசிப் பகுதி. ஏன்? அங்கே 'தரவு' கிடைக்காது!

வேடிக்கை என்னன்னா, இப்படிப் பலர் முன்னிலையில் கொண்டாடும் வழக்கம் கதையாடல் சிகிச்சைக்கு வந்ததில் ஓர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களில் மானுடவியலாளர் பார்பரா மையர்ஹாஃப், கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில் இருந்த மையம் ஒன்றில் யூத முதியவர்களிடையே களப்பணி செய்தார். ஊர் கண்டுகொள்ளாத அவர்கள் தாங்களே விழா எடுத்துத் தாங்கள் யார் என்பதைக் காட்டிக்கொண்டார்கள். மைக்கேல் வொயிட் அதைத் தன் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். ஒருவர் கதை சொல்வார். சாட்சிகள் கேட்டு, தங்களுக்குள் எது அசைந்தது என்று சொல்வார்கள். பாராட்டும் கிடையாது, அறிவுரையும் கிடையாது.

'எழுத்தாக்கத்தைக் காட்டி, சரியான்னு கேட்டோமே' என்று ஆய்வாளர் சொல்லலாம். அது ஆய்வின் துல்லியத்துக்கு. சொன்னவருக்கு அதில் என்ன கிடைத்தது?

கதையாடல் சிகிச்சைக்காரர்களையும் சும்மா விடுவதற்கில்லை. கொண்டாட்டம் என்று வந்துவிட்டால் கைதட்டலுக்கு ஏற்ற கதைதான் முன்னே வரும். பழமே வரையாமல் விட்ட ஒருவரிடம் தனியாக உட்கார்ந்து, அவசரப்படாமல் கேட்க நல்ல நேர்காணல்காரருக்குத் தெரியும். அந்தப் பொறுமையைச் சமூகப் பணிக்காரர்கள் ஆய்விடமிருந்து தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

இனி இப்படி ஓர் ஆய்வு கைக்கு வந்தால் முறையியல் அத்தியாயத்தில் நான் முதலில் தேடப்போவது ஒன்றைத்தான்: அந்த சார்ட் பேப்பர் இப்போ வரைந்தவர் வீட்டில் இருக்கா, ஆய்வாளர் அலமாரியில் இருக்கா?