அடிக்கிற உரிமையும் அடிக்காத உரிமையும்

‘நாட்டுப்புற இசை அழிஞ்சிக்கிட்டு வருது, வளர்க்கணும்’ என்று சொல்லாத ஆள் இன்று கிடையாது. அரசு சொல்கிறது, பல்கலைக்கழகம் சொல்கிறது, நாமும் சொல்கிறோம். யாரை வைத்து வளர்ப்பது, வளர்ந்தால் யாருக்கு லாபம் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது.

2007இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது பறையும் கரகமும் பூங்காக்களுக்கு வந்தன. இடையில் நின்றுபோய் 2023இல் மறுபடி வந்தது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. நகரங்களில் வார இறுதிப் பறைப் பயிற்சிகள் நடக்கின்றன. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். இதைக் கிண்டல் பண்ண எனக்கு மனமில்லை. பறைச் சத்தம் கேட்டாலே முகம் சுளித்த நகரத்தில் இது சின்ன விசயமில்லை.

இந்தப் பயிற்சிக் குழுக்களைப் பார்க்கும்போது இங்கிலாந்தின் ஃபோக் கிளப்புகள் ஞாபகத்துக்கு வருகின்றன. 1950களில் பரவியவை. மதுக்கடையின் மாடி அறை, நாற்காலிகள், பெரும்பாலும் மைக் கூடக் கிடையாது. அழைக்கப்பட்ட பாடகர் பாடுவதற்கு முன்னால், வந்திருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு பாட்டுப் பாடலாம். கிளப்பின் உயிர் அங்கேதான் இருந்தது. இவான் மக்கால் என்ற கம்யூனிஸ்ட், சால்ஃபோர்டுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, லண்டனில் நடத்திய கிளப்பில் ஒரு விதி வந்தது: மேடையில் பாடுகிறவர் தன் மொழியில், தன் மரபிலிருந்துதான் பாட வேண்டும். லண்டன் பையன் அமெரிக்கக் கறுப்புத் தொழிலாளியின் குரலில் பாசாங்கு பண்ணக்கூடாது. அமெரிக்கப் பண்பாட்டு ஆதிக்கத்துக்கு எதிரான விதி; நோக்கம் புரிகிறது. ஆனால் உன் மரபு எது என்று யார் தீர்மானிப்பது? (ஜிம்மி மில்லர் என்ற சொந்தப் பெயரையே மாற்றிக்கொண்டவர் மக்கால். அது தனிக்கதை.) அவருக்கு முன்னால், 1903இல் பாட்டுச் சேகரிக்கத் தொடங்கிய செசில் ஷார்ப் கிராமத்துக் கிழவர்களிடம்தான் ‘மக்களை’த் தேடினார், ஆலைத் தொழிலாளி அந்தக் கணக்கில் வரவில்லை. நாட்டுப்பாடல் என்ற கருத்தாக்கமே நடுத்தர வர்க்கச் சேகரிப்பாளர்களின் கட்டமைப்பு என்று 1985இல் டேவ் ஹார்க்கர் ‘ஃபேக்சாங்’ நூலில் வாதிட்டார். இன்று பல கிளப்புகளில் நரைத்த தலைகளே மிச்சம்.

மக்காலின் விதியை நம்ம ஊருக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அவரவர் மரபை அவரவர் வாசிக்கணும். ஊர் காலங்காலமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது! சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் போகும். ‘வந்து அடிச்சே ஆகணும்.’ மறுத்தால் உதை, ஊர்க்கட்டுப்பாடு, வயல்வேலை கிடையாது. லண்டனில் யார் எதைப் பாடலாம் என்பது பிரச்சினை. இங்கே அடிக்காமல் இருப்பதற்கே உரிமை வேண்டியிருந்தது. இனி சாவுக்குப் பறையடிப்பதில்லை என்று முடிவெடுத்து, அதற்காக அடிவாங்கிய கிராமங்கள் இருக்கின்றன. நாட்டுப்புறவியல் ஆய்வேடு அந்தக் கிராமத்தை எந்தக் கணக்கில் எழுதும்? ‘அழிந்துவரும் கலை’ என்ற கணக்கில். ஒரு சனம் விட்டெறிந்த அவமானம் பண்பாட்டின் இழப்பாகப் பதிவாகிறது.

அதனால் பறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலித் அரசியலில் இரண்டு குரலும் உண்டு: தூக்கியெறி என்பதும், கையிலெடு என்பதும். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்தபோது, ஊரோடு சேர்த்துத் தங்கள் வீட்டு ஆண்களின் வழக்கத்தையும் மீறினார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த ‘பரட்டை’ தியோபிலஸ் அப்பாவு (2005இல் காலமானார்) கர்நாடக மெட்டுக் கீர்த்தனைகளுக்கு எதிராக நாட்டுப்புற மெட்டை வைத்ததற்கு ஒரு காரணம், பாடுகிறவர் அந்தப் பாட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது. பழசைப் பத்திரப்படுத்துவதல்ல அவர் வேலை. கிளப் மாடியில் யாரும் எழுந்து பாடிய அந்த உரிமைக்கு இது நெருங்கிய உறவு.

இப்போது ஃபைபர் பறை வந்துவிட்டது. தீயில் காய்ச்ச வேண்டாம், மழையில் தொய்யாது, வசதிதான்; கலைஞர்களும் வாங்குகிறார்கள், குறை சொல்ல நாம் யார். ஆனால் மாட்டுத்தோலைத் தொட யோசிக்கிற பிள்ளைக்கும் இது வசதி. அடிக்குச்சி, சிண்டுக்குச்சி பிடிக்கும் விதமெல்லாம் சுத்தமாகக் கற்றுக்கொள்கிறார்கள். தோலை உரித்தது யார், பதப்படுத்தியது யார் என்ற பேச்சு வகுப்பில் வருவதில்லை. ‘ஆதித் தமிழன் இசை’ என்ற ஒரே வார்த்தையில் சாதி காணாமல் போய்விடுகிறது.

பறை கற்ற தோழர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அடுத்தமுறை ஏதோ ஒரு ஊரில் ‘நாங்க அடிக்க மாட்டோம்’ என்று சேரி சொல்லி, ஊர் திரண்டு வருகிற அன்று, உங்கள் குழு எங்கே நிற்கும்?